நாள் முழுக்க உட்கார்ந்து, திரையைப் பார்த்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் வருபவர்கள் கழுத்து வலி, இடுப்பு வலி என்றுதான் வருவார்கள். பயிற்சியெல்லாம் முடிந்து கிளம்பும்போது, கதவில் கை வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒரே ஒரு சந்தேகம் கண்ணில் தொடங்கி, தூக்கம், பிள்ளைகள், மூலம் வரை போகும். பிசியோதெரபிஸ்டிடம் கேட்க வேண்டிய கேள்விகளா என்றால், பாதி இல்லை. ஆனாலும் கேட்கக் கேட்க நானும் தேடிப் படித்ததில் பதில்கள் சேர்ந்துவிட்டன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டுவைத்திருக்கிறேன்.

ஸ்கிரீன் டைம்னா எதெல்லாம் கணக்கு? ஆபீஸ் வேலைக்குப் பார்க்கிறதையும் சேர்க்கணுமா?

கண்ணுக்கு ஆபீஸும் தெரியாது, சினிமாவும் தெரியாது. எக்செல் பார்த்தாலும் தொடர் பார்த்தாலும் அது காய்வது ஒரே மாதிரிதான். கழுத்தும் அப்படியே. ஆகவே உடம்புக்கு எல்லாமே சேர்த்தி. தூக்கம், மனசு என்று வரும்போதுதான் என்ன பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள் என்பது முக்கியமாகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்வோம். திரை வேறு, உட்கார்ந்திருப்பது வேறு. விழித்திருக்கும்போது உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, உடம்பு அதிகம் செலவழிக்காமல் இருக்கிற நேரத்தைத்தான் ஆராய்ச்சியாளர்கள் அசையா நேரமாகக் கணக்கிடுகிறார்கள். அதில் புத்தகம் படிப்பதும் வரும். திரையால் வரும் கெடுதலில் பெரும்பங்கு அதன் வெளிச்சத்தால் வருவதல்ல, அது நம்மை அசையவிடாமல் பிடித்து வைப்பதால் வருவது என்பது என் கட்சி. கீழே பல பதில்கள் இதையே சுற்றி வரும்.

எட்டு மணி நேரம் உட்கார்ந்துதான் வேலை. சும்மா உட்கார்ந்தா உடம்புக்கு அப்படி என்ன ஆகிடும்?

சும்மா இருப்பதுதான் சிக்கல். உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைகள்தான். அதிலும் வேலை செய்கிற தசை, இன்சுலினுக்காகக் காத்திருக்காமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாற்காலியில் அந்தத் தசைகளுக்கு வேலையே இல்லை. கெண்டைக்கால் தசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு எட்டிலும் அது சுருங்கி, காலில் தேங்கும் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த பம்ப் ஓடாது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது கணுக்காலுக்கு மேலே அதன் வரி ஆழமாகப் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது கம்ப்யூட்டர் வந்தபிறகு கண்டுபிடித்ததும் அல்ல. 1953-ல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே சம்பள வட்டம். ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார், நடத்துநர் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குவார். மாரடைப்பு நடத்துநர்களுக்குத் தெளிவாகக் குறைவாக இருந்தது. அதோடு அவர் விடவில்லை. இவர்களுக்குக் கொடுத்த சீருடைக் கால்சட்டைகளின் அளவுகளையும் வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. ஆக, வித்தியாசம் முழுவதற்கும் சீட்டின் மேலேயே பழி போட முடியாது. எனக்குப் பிடித்த ஆராய்ச்சி இது, தன் முடிவைத் தானே சந்தேகப்பட்டதால்.

உட்கார்றது சிகரெட் பிடிக்கிறதுக்குச் சமம்னு சொல்றாங்களே?

மிகைதான். புகைப்பழக்கம் ஆயுளில் சராசரியாகப் பத்து ஆண்டுகளைக் குறைக்கிறது. உட்கார்வதால் வரும் ஆபத்து அதன் பக்கத்தில்கூட வராது. அதோடு, ஒரு சிகரெட்டைப் பிடித்துவிட்டு வேறு எதையோ செய்து அதை ஈடுகட்ட முடியாது. உட்கார்ந்ததைப் பெருமளவு ஈடுகட்டலாம். எப்படி என்பது அடுத்த பதிலில்.

தினமும் காலையில வாக்கிங் போறேன். அப்புறம் நாள் பூரா உட்கார்ந்தா பரவாயில்லைதானே?

எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2016-ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உழைப்பு இருந்தவர்களிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்வதோடு சேர்ந்து வரும் கூடுதல் மரண ஆபத்து காணாமல் போயிருந்தது. அதே ஆய்வில், தினமும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் டிவி பார்த்தவர்களுக்கு மட்டும் அந்த உழைப்பு ஆபத்தைக் குறைத்ததே தவிர, முழுதாகத் துடைக்கவில்லை. டிவி முன்னால் உட்கார்வது இடைவிடாமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, நொறுக்குத்தீனியோடு நடக்கிற உட்கார்வு என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு இதைவிடக் குறைவு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. மிதமான உழைப்பு என்றால் என்ன? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட்டு வருகிறது என்றால் நீங்கள் உலாத்துகிறீர்கள். ஆக, இருபது நிமிட உலாவல் நல்லதுதான், ஆனால் பதினோரு மணி நேர நாற்காலிக்கு அது பதில் ஆகாது.

சரி, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்திருக்கணும்?

உலக சுகாதார நிறுவனம் எண் எதையும் சொல்லவில்லை. குறைவாக உட்காருங்கள், உட்கார்வதை அசைவால் உடையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டது. நான் அரை மணிக்கு ஒருமுறை என்கிறேன். 2023-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தபோது, சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையின் உயர்வு, உட்கார்ந்தே இருந்த நாளைவிட 58 சதவீதம் குறைந்தது. ரத்த அழுத்தமும் நான்கைந்து புள்ளிகள் இறங்கியது. கலந்துகொண்டவர்கள் 11 பேர்தான், அதனால் அந்த 58-ஐ மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் திசை மற்ற ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது.

நடைமுறையில், அலாரம் வைத்தவர்கள் ஒரே வாரத்தில் அதைப் பார்க்காமலே அணைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நிலைத்தவர்கள், நடக்கிற ஏதாவது ஒன்றோடு எழுவதை முடிச்சுப் போட்டவர்கள்தான். போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவேன் என்று ஒருவர். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சின்ன டம்ளருக்கு மாறினார் இன்னொருவர். டம்ளர் காலியானால் எழவேண்டும், குடித்தது இறங்கினாலும் எழவேண்டும்.

அடிக்கடி எழுந்தா மேனேஜர் முறைக்கிறார். என்ன பண்றது?

எழுந்து நடக்கும் ஐந்து நிமிடத்துக்கு இனி சொல்வது ஈடில்லை, ஆனால் ஒன்றுமே செய்யாததற்கு மேல். பாதத்தின் முன்பகுதி தரையில் இருக்கட்டும், குதிகாலை மட்டும் தூக்கித் தூக்கி இறக்குங்கள். மேலே சொன்ன கெண்டைக்கால் பம்ப் ஓட ஆரம்பிக்கும். மேசைக்கு அடியில் நடப்பது யாருக்கும் தெரியாது. அழைப்புகளை நின்று பேசுங்கள். பக்கத்துப் பிரிவில் இருப்பவருக்கு மெசேஜ் அனுப்பாமல் நேரில் போய்க் கேளுங்கள், அதை வேலை என்றே எல்லாரும் நினைப்பார்கள்.

நின்னுக்கிட்டே வேலை செய்ற மேசை வாங்கலாமா? எடை குறையும்னு சொல்றாங்க.

எடைக்காக என்றால் வேண்டாம். நிற்பதற்கும் உட்கார்வதற்கும் உள்ள வித்தியாசம் நிமிடத்துக்கு 0.15 கலோரி. 65 கிலோ உள்ள ஒருவர் ஆறு மணி நேரம் நின்றால் கூடுதலாகச் செலவாவது 54 கலோரி. நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டல், குதிகால் வலி, இடுப்பு வலி என்று வேறு வரிசை இருக்கிறது. கடைகளில் நின்று வேலை செய்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மாற்றி மாற்றி நிற்கவும் உட்காரவும் வேண்டுமென்றால் அந்த மேசை நல்லதுதான். வாங்கியவர்கள் பலரிடம் ஆறு மாதம் கழித்துக் கேட்டிருக்கிறேன். உயரம் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கிறது என்றார்கள், மேசை.

தரையில் உட்கார்ந்தா நல்லதா?

நாற்காலியைவிடக் கொஞ்சம் நல்லது, முட்டி ஒத்துழைத்தால். தான்சானியாவில் வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களை அளந்து 2020-ல் ஒரு ஆய்வு வந்தது. அவர்களும் ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் ஓய்வில்தான் இருக்கிறார்கள், ஏறக்குறைய நம்மைப் போலவே. ஆனால் அந்த ஓய்வில் ஒரு பகுதி குந்தியும் மண்டியிட்டும் கழிகிறது, அப்போது கால் தசைகள் முழுதாகத் தூங்கிவிடுவதில்லை. தரையின் இன்னொரு லாபம், அங்கே ஒரே மாதிரி நெடுநேரம் இருக்க முடியாது. கால் மரத்துவிடும், மாற்றியாக வேண்டும். மெத்தை வைத்த நாற்காலி அந்தத் தொந்தரவைத் தராது, அதுதான் அதன் குறை. மடியில் லேப்டாப் வைத்துக் குனிந்துகொண்டால் தரையின் லாபம் எல்லாம் கழுத்தில் போய்விடும்.

பத்தாயிரம் அடி நடந்தே ஆகணுமா?

அந்த எண் மருத்துவரிடமிருந்து வரவில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரே "பத்தாயிரம் அடி மீட்டர்" என்ற பொருளில் இருந்தது. எண் அப்படியே ஒட்டிக்கொண்டது. 2019-ல் சராசரி வயது 72 ஆன 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்தபோது, தினமும் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் மரண விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் லாபம் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது 3,000 நடக்கிறீர்கள் என்றால் 5,000-க்குப் போவதில்தான் பெரிய லாபம் இருக்கிறது.

வார நாள்ல நேரமே கிடைக்கிறதில்ல. சனி ஞாயிறு சேர்த்து வச்சு செய்யலாமா?

செய்யலாம். ஒரே அளவு உழைப்பை ஓரிரு நாளில் முடிப்பவர்களுக்கும் வாரம் முழுக்கப் பரப்பிச் செய்பவர்களுக்கும் இதய நோயிலும் ஆயுளிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. பிசியோவாக நான் சேர்ப்பது ஒன்றுதான். ஐந்து நாள் உட்கார்ந்த தொடையோடு ஆறாவது நாள் திடீரென்று பந்து விளையாடப் போய் தசையைக் கிழித்துக்கொண்டு திங்கட்கிழமை என்னிடம் வருபவர்கள் உண்டு. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுவது வார நாளிலும் இருக்கட்டும்.

சாயங்காலம் ஆனா கண் எரியுது, எழுத்து மங்கலாத் தெரியுது. பார்வை போயிடுமா?

போகாது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது முறை இமைக்கிறோம். திரையைக் கூர்ந்து பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வீட்டில் யாராவது போனில் மூழ்கியிருக்கும்போது அவர் கண்ணை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைவிட இன்னொன்று கண்ணில் படும். இமைக்கிற போதும் மேலிமை பாதி வழி வந்து திரும்பிப் போய்விடும், கீழிமையைத் தொடாது. கண்ணீர் ஈரத்தைக் கண் முழுக்கப் பூசுவது அந்த இமைதான். பூசாத கீழ்ப்பகுதி காய்ந்து எரிகிறது. ஈரப் படலம் உடைந்தால் பார்வை மங்கும், இரண்டு முறை அழுத்தி இமைத்தால் தெளியும். தெளிந்தால் காரணம் இதுதான்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 நொடி பார்க்கச் சொல்லும் விதியைக் கேட்டிருப்பீர்கள். எண்கள் வாய்க்கு வசதியாகப் பொருத்தியவை, ஆனால் யோசனை சரியானது. பக்கத்தில் பார்க்கக் கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை இறுகவேண்டும், தொலைவில் பார்த்தால் அது தளரும். கண்ணை முழுதாக மூடித் திறந்து இமைப்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசிக் காற்றும் மின்விசிறியும் நேராக முகத்தில் அடிக்காமல் இருந்தாலே பலருக்குப் பாதி எரிச்சல் போய்விடுகிறது.

புளூ லைட் கண்ணாடி போட்டா சரியாகுமா?

கண் அசதிக்கு அதனால் பயன் தெரியவில்லை. 2023-ல் 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) ஆய்வு, சாதாரணக் கண்ணாடியைவிட அது குறுகிய காலத்தில் அசதியைக் குறைப்பதாகச் சொல்ல முடியவில்லை என்று முடித்தது. திரையிலிருந்து வரும் நீல ஒளி, வெளியே பகல் வெளிச்சத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால் மிக மிகக் குறைவு. எரிவது ஒளியால் அல்ல, இமைக்காததால். கண்ணாடி உங்களுக்காக இமைக்காது. டார்க் மோடும் அப்படித்தான், பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சை என்று நினைக்க வேண்டாம்.

வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட பிறகுதான் கழுத்து வலி. சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. ஒருவர் கழுத்து வலிக்கு மூன்று தலையணை மாற்றிவிட்டு வந்தார். மேசையில் எப்படி உட்கார்வீர்கள், காட்டுங்கள் என்றேன். உட்கார்ந்தார், தாடையைத் தூக்கினார், மூக்கின் நுனி வழியாகப் பார்ப்பது போல இல்லாத மானிட்டரைப் பார்த்தார். புரோகிரசிவ் கண்ணாடியில் கிட்டத்தில் படிக்கும் பகுதி அடியில் இருக்கும். யாரோ மானிட்டரை உயர்த்தி வைக்கச் சொன்னதைக் கேட்டு, அவர் இரண்டு தடிப்புத்தகங்களின் மேல் அதை ஏற்றியிருந்தார். உயரமான திரையைக் கண்ணாடியின் அடிப்பகுதியால் பார்க்க, தலை நாள் முழுக்கப் பின்னால் மடிந்தே இருந்தது. புத்தகங்களை எடுக்கச் சொன்னேன். தலையணைக்கு வேலையே இல்லை.

மற்றவர்களுக்குத் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, தொலைவு ஒரு கை நீளம். புரோகிரசிவ் போட்டவர்கள் இன்னும் கீழே இறக்க வேண்டும். அல்லது கம்ப்யூட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி செய்துகொள்ளலாம்.

போன் பார்க்கக் குனிஞ்சா கழுத்துல 27 கிலோ பாரம் ஏறுதாமே?

குனியும் தலைக்குப் பக்கத்தில் பாரத்தை எழுதிய அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2014-ல் ஒரு முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு அது. நேராக இருக்கும் தலை ஐந்து கிலோ அளவில், 60 பாகை குனிந்தால் 27 கிலோ. கணக்கில் தவறில்லை, ஆனால் பாரம் ஏறுவது வேறு, காயமாவது வேறு. இளைஞர்களிடம் செய்த சில ஆய்வுகளில் குனியும் அளவுக்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு தெரியவில்லை. கழுத்து குனிவதற்காகப் படைக்கப்பட்டதுதான், ஒரே கோணத்தில் இரண்டு மணி நேரம் பிடித்து வைப்பதற்காக அல்ல.

அதனால் "நேரா உட்காரு" என்று அதட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். விறைப்பாக மூன்று மணி நேரம் உட்கார்பவருக்கும் வலிக்கிறது, சரிந்து மூன்று மணி நேரம் இருப்பவருக்கும் வலிக்கிறது. சரியான நிலை எது என்று கேட்டால், கொஞ்ச நேரத்துக்கு முன் இல்லாத நிலை என்பேன். லேப்டாப்பில் வேலை செய்பவர்கள் மட்டும் தனிக் கீபோர்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். திரையும் விசையும் ஒட்டியிருக்கும்வரை ஒன்று கழுத்து கெடும், அல்லது தோள் கெடும்.

இடுப்பு வலிக்குது. ரெண்டு வாரம் படுத்து ரெஸ்ட் எடுக்கட்டுமா?

சாதாரண இடுப்பு வலிக்குப் படுக்கை மருந்தல்ல. முடிந்த அளவு நடமாடுபவர்கள் படுத்தவர்களைவிட விரைவில் தேறுகிறார்கள். உட்கார்ந்து வந்த வலியைப் படுத்துச் சரிசெய்யப் பார்ப்பது அசையா நேரத்தை இன்னும் கூட்டுவதுதான். ஆனால் இரண்டு கால்களும் பலமிழந்தாலோ, சிறுநீர் போவதில் திடீர்ச் சிக்கல் வந்தாலோ, உட்காரும் இடத்தில் உணர்ச்சி மரத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், எனக்காகக் காத்திருக்காதீர்கள்.

ராத்திரி போன் பார்த்தா ஏன் தூக்கம் வரமாட்டேங்குது? வெளிச்சமா?

வெளிச்சமும்தான், ஆனால் அதன் பங்கு நாம் நினைப்பதைவிடச் சின்னது. 2015-ல் வந்த ஆய்வில் 12 பேர், தூங்கப் போகுமுன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தார்கள். காகிதப் புத்தகம் படித்த இரவுகளைவிடத் தூங்கச் சுமார் பத்து நிமிடம் கூடுதலாயிற்று. தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் சுரப்பும் தள்ளிப்போனது. பத்து நிமிடம் உண்மைதான், ஆனால் நீங்கள் இழப்பது ஒன்றரை மணி நேரம். மீதியை எடுப்பது "இன்னும் ஒண்ணே ஒண்ணு". முடிவில்லாமல் உருளும் காணொளிக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. திரையை மஞ்சளாக்கும் வசதியைப் போட்டுவிட்டு நள்ளிரவு வரை பார்ப்பவர்கள் விளக்கைச் சரிசெய்து கடிகாரத்தை விட்டுவிடுகிறார்கள். போனைப் படுக்கையிலிருந்து எழுந்துபோய் எடுக்கும் தூரத்தில் சார்ஜ் போடுங்கள்.

பையனுக்கு வருஷா வருஷம் பவர் ஏறுது. மொபைல்தானே காரணம்?

பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல். அதோடு, கிட்டத்தில் வைத்து இடைவிடாமல் பார்ப்பதும் ஒரு காரணம், அது மொபைலானாலும் புத்தகமானாலும். ஆனால் பலரும் கவனிக்காத காரணம் வெயில் வெளிச்சம் போதாமை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவால் அளப்பார்கள். வீட்டுக்குள் சில நூறு லக்ஸ், வெளியே நிழலிலேயே பல ஆயிரம். பிரகாசமான ஒளியில் விழித்திரை சுரக்கும் டோபமின் என்ற ரசாயனம், கண்விழி தேவைக்கு மேல் நீளாமல் தடுக்கிறது என்று கருதப்படுகிறது. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் நீண்டுபோன விழிதான்.

சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம். வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதம். தைவான் 2010 முதல் பள்ளிகளில் தினம் இரண்டு மணி நேரம் வெளியே இருக்கச் சொல்கிறது. கவனியுங்கள், வெளிச்சம் அதிகம் உதவுவது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட. ஏற்கெனவே வந்த பவர் ஏறாமல் தடுக்க அட்ரோபின் சொட்டு மருந்தும் தனி வகை லென்சுகளும் இருக்கின்றன, கண் மருத்துவரிடம் கேளுங்கள். அதிகப் பவர் ஏறியவர்களுக்குப் பின்னாளில் விழித்திரை விலகும் ஆபத்து கூடும் என்பதால், கண்ணாடி மாற்றினால் போச்சு என்று விடக்கூடாது.

போன் காட்டினாத்தான் குழந்தை சாப்பிடுது. ஒரு வயசு தாண்டியிருக்கு. தப்பா?

கேட்கும்போதே குரல் தாழ்ந்துவிடும் கேள்வி இது. நீங்கள் மட்டுமல்ல, இதைக் கேட்காத வாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. தொலைவில் இருக்கும் உறவினரோடு வீடியோ அழைப்பில் பேசுவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இதில் சேர்ப்பதில்லை, அதில் எதிர்முகம் பதில் சொல்கிறது.

சாப்பாட்டு நேரத் திரையில் எனக்குள்ள வருத்தம் கண்ணைப் பற்றியதல்ல. வயிறு நிறைந்ததைக் குழந்தை கவனிப்பதில்லை, வாய் தானாகத் திறக்கிறது. நாமும் நிறைந்ததா என்று அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரே நாளில் நிறுத்தப் போனால் போர் நடக்கும். முதலில் ஒரு வேளையை மட்டும் திரையில்லாமல் ஆக்குங்கள், அன்று குறைவாகச் சாப்பிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த வேளை பசிக்கும்.

டாய்லெட்ல போன் பார்த்தா மூலம் வருமா?

சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் பதில் தெரிந்தாக வேண்டும். 2025-ல் குடல் பரிசோதனைக்கு வந்த 125 பேரிடம் பார்த்ததில், அங்கே போன் பார்ப்பவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. போன்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் கழிப்பறை இருக்கையில் அடியில் தாங்கல் இல்லை, நேரம் கூடக் கூட அங்குள்ள ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடும். போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

உட்கார்ந்தே இருந்தா கால்ல ரத்தம் கட்டிடும்ங்கிறது உண்மையா? விமானத்துலதானே அது?

விமானத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். 1940-ல் லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது மக்கள் இரவெல்லாம் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தே தூங்கினார்கள். அந்த மாதங்களில் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தவர்கள் கூடியதைக் கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் கவனித்தார். நாற்காலியின் முன்விளிம்பு தொடையின் பின்பக்கத்தை அழுத்த, காலில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மேலே போயிருந்தது. 2003-ல் நியூசிலாந்து மருத்துவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்த 32 வயது ஆணுக்கு இதே நோய் வந்ததைப் பதிவு செய்தார்கள்.

அரிதானதுதான், பயந்து நடுங்க வேண்டாம். அறுவை சிகிச்சை, கர்ப்பம், புற்றுநோய், குடும்பத்தில் யாருக்காவது வந்த வரலாறு இருந்தால் கூடுதல் கவனம். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் உடனே காட்டுங்கள். தேய்த்துவிட வேண்டாம். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அவசர சிகிச்சை.

பையன் எப்பப் பார்த்தாலும் கேம். இது நோயா?

நேரத்தை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் விளையாட்டு அடிமைத்தனம் இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளம்: நிறுத்த நினைத்தும் முடியாமை, சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் எல்லாவற்றையும் விட விளையாட்டு முன்னால் வந்துவிடுவது, கெடுவது தெரிந்தும் தொடர்வது. அதுவும் பொதுவாக ஓராண்டு நீடித்திருக்க வேண்டும். விடுமுறையில் ஆறு மணி நேரம் ஆடிவிட்டு, கூப்பிட்டால் எரிச்சலோடாவது எழுந்து வருகிற பிள்ளை அந்தக் கணக்கில் வராது. அவனுக்கு வெயில் வேண்டும், பவர் பற்றிய பதிலைப் பாருங்கள்.

நான் சக்கர நாற்காலியில இருக்கேன். எழுந்து நடங்கன்னு சொன்னா எனக்கு என்ன அர்த்தம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு முதல்முறை நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பிறகு படித்தேன். நடை முக்கியமல்ல, தசை வேலை செய்வதுதான் முக்கியம். கையால் சுற்றும் மிதியை இடையிடையே சில நிமிடம் சுற்றினாலும் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை குறைகிறது. எலாஸ்டிக் பட்டை, கைகளை விரித்து மடக்கும் பயிற்சி எல்லாம் உதவும். தோள் மூட்டு ஏற்கெனவே சக்கரத்தைத் தள்ளித் தேய்ந்திருக்கும், ஆகவே முன்னால் தள்ளும் பயிற்சியைவிடப் பின்னால் இழுக்கும் பயிற்சி அதிகம் இருக்கட்டும். அழுத்தப் புண் வராமல் உடம்பைத் தூக்கியும் சாய்த்தும் கொடுப்பது இதற்கும் முன்னால் வரும்.

இருபத்தஞ்சு வருஷமா உட்கார்ந்தே வேலை பார்த்தாச்சு. இனிமே ஆரம்பிச்சு என்ன ஆகப் போகுது?

1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயதுள்ள ஐந்து ஆண்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். எழுந்தபோது உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் நன்றாக விழுந்திருந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தார்கள். எடை ஏறி, தொப்பை வந்து, ஐம்பதைத் தொட்டிருந்தார்கள். அப்போதும் அந்தத் திறனில் முப்பது ஆண்டு வயது எடுத்துக்கொண்டதைவிட, அன்று மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகமாக இருந்தது.

பிறகு அவர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். நடை, மெதுவான ஓட்டம், சைக்கிள், மெல்ல மெல்லக் கூட்டியது. முடிவில் அவர்களின் சராசரித் திறன் இருபது வயதில், படுக்குமுன் இருந்த அளவுக்குத் திரும்பியிருந்தது. எடை பெரிதாகக் குறையவில்லை. 1966-ல் படுக்கைக்குப் பிறகு கொடுத்த கடும் பயிற்சியில் எட்டிய உச்சத்தை ஒருவராலும் தொட முடியவில்லை. மருந்து சாப்பிடுபவராகவோ நெஞ்சில் அழுத்தம் வருபவராகவோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மற்றவர்கள் முதல் வாரம் சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடங்கள், போதும்.